குங்குமத்தின் மேல் போட்ட பழி

சர்க்கரைப் பாகை வடிகட்டும் ஒரு விலை உயர்ந்த இயந்திரத்தை நான் கெடுத்தேன். கெடுத்தது நான்தான் என்று தெரிந்தும், பழியைக் குங்குமத்தின் மேல் போட்டேன். குங்குமம் எதிர்த்துப் பேசாது. ஆனால் அதை வைத்த கை ஒரு மனிதருடையது. அவர் அதற்குப் பிறகு பல வருடங்கள் எந்த இயந்திரத்துக்கும் பொட்டு வைக்கவில்லை. தன் கையில்தான் ஏதோ கோளாறு என்று நம்பிவிட்டார்.

இதை எழுதச் சொன்னது என் மனைவி. “வாயால சொல்லியாச்சு இல்ல, எழுதியும் வச்சிடுங்க. நாளைக்கு வயசாயிடுச்சு, ஞாபகம் இல்லன்னு தப்பிக்க முடியாது” என்றாள். என்னை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு நடுத்தரமான தொழிற்சாலை. குளிர்பானம் செய்பவர்களுக்கும் மிட்டாய் செய்பவர்களுக்கும் சர்க்கரைப் பாகு காய்ச்சித் தருவது எங்கள் வேலை. நான் வேதியியலில் முதுகலை படித்தவன். அங்கே தயாரிப்புப் பிரிவுக்குப் பொறுப்பாளனாக இருந்தேன். எங்களுக்கு ஒரு பக்கம் லேத் பட்டறை, இன்னொரு பக்கம் அட்டைப்பெட்டி செய்யும் இடம். இரும்புத்தூள் நெடிக்கும் பசை நெடிக்கும் நடுவில் எங்கள் கேட்டைத் தாண்டும்போது மட்டும் யாரோ கல்யாணத்துக்கு அல்வா கிண்டுவது போல மணக்கும். அந்த மணம் சட்டையை விட்டுப் போகாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மோந்து பார்த்துவிட்டு, “ஸ்வீட் ஸ்டாலா சார்?” என்று கேட்டிருக்கிறார்கள். எறும்புகள் கேட்காமலே வந்துவிடும்.

கடையில் பளிச்சென்று இருக்கிற சர்க்கரையைக் கரைத்துப் பார்த்தால் அவ்வளவு பளிச்சென்று இருக்காது. கரும்பின் பிசினும் நிறமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். அந்தப் பாகில் குளிர்பானம் செய்து புட்டியில் அடைத்தால், சில நாள் கழித்து நடுவில் பஞ்சு போல ஒன்று மிதக்கும். உடம்புக்கு அது ஒன்றும் செய்யாது என்று நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லலாம். குடிக்கிறவர் புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டால் என் படிப்பு எடுபடாது. முன்பெல்லாம் கரித்தூள் போட்டுக் கலக்கி, துணி மாட்டிய இரும்புத் தட்டுகளுக்கு நடுவே அழுத்தி வடிகட்டினோம். பாகு வெளுக்கும், ஆட்கள் கறுப்பார்கள். வேலை முடிந்து வெளியே வருகிறவர்களைப் பார்த்து அட்டைப்பெட்டிக்காரர்கள், “இன்னாப்பா, சர்க்கர கம்பெனியா, கரி கம்பெனியா?” என்று கிண்டல் செய்வார்கள்.

அதனால்தான் மெம்பரேன் வாங்கினோம். சவ்வு வடிகட்டி. ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளைக் குழாய். அதற்குள் சேமியாவைக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்தது போல ஏராளமான மெல்லிய குழல்கள். ஒவ்வொரு குழலின் சுவரும் ஒரு சவ்வு. அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள். கொஞ்சம் நீர்க்க வைத்த சூடான பாகை அந்தக் குழல்களுக்குள் வேகமாக ஓடவிட்டால், சர்க்கரையும் தண்ணீரும் சுவர் வழியாகக் கசிந்து தெளிவாக வெளியே வரும். பிசின் உள்ளேயே ஓடி மறுமுனை வழியாகத் திரும்பிவிடும். ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் அதில் விஷயம். காலையில் அம்பத்தூர் ஸ்டேஷனில் கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும்வரை ஒல்லியானவர்கள் ஓரமாக நழுவி வெளியே வந்துவிடுவார்கள். யாராவது நடுவில் நின்று செருப்பைத் தேடினால் எல்லாரும் அடைத்துக்கொள்வார்கள். இந்த உதாரணத்தை முதலாளிக்குச் சொன்னேன். அவர் காரில் வருகிறவர், தலையை மட்டும் ஆட்டினார். பக்கத்தில் நின்ற பாய்லர்காரர்தான் சிரித்தார்.

“அதான் சார், நான் எப்பவும் ஓரமாவே போறது” என்றார்.

பாய்லர்காரர் என் வயதுக்காரர். குத்தம்பாக்கத்திலிருந்து மொபெட்டில் வருவார். எங்களுக்கு நீராவி கொடுக்கும் கொதிகலனுக்கு முன்னால் நின்று நின்று அவர் முகம் ஒரு பக்கம் மட்டும் கூடுதலாகச் சிவந்திருக்கும். புது மெம்பரேனை ஓட்டும் வேலை அவருக்குத்தான் என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். கொதிகலன் பக்கம் வெந்துகொண்டிருந்த மனிதருக்கு மெம்பரேன் இருந்த அறை குளுகுளுவென்று இருந்தது. போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

“சார், நான் மட்டும் இங்க வந்தேன்னு வையி, அந்த மூலையில ஒரு சேரப் போட்டுக்கினு ஒக்காந்துருவேன். பாய்லர் இருக்கிற தெசையில தல வெச்சிப் படுக்கக்கூட மாட்டேன்.”

அவருக்கு இன்னொரு பதவியும் உண்டு. எங்கள் தொழிற்சாலையில் ஆயுத பூஜை அன்று ஐயர் வரமாட்டார். பாய்லர்காரர்தான் பூஜை செய்வார். நெருப்போடு வேலை செய்பவர் முதலில் தொட வேண்டும் என்று முதலாளியின் அப்பா காலத்திலிருந்தே வழக்கம். அவர் ஒரு கிண்ணத்தில் சந்தனம், ஒரு கிண்ணத்தில் குங்குமம் எடுத்துக்கொண்டு கிளம்பினால் எதையும் விடமாட்டார். பம்ப், தராசு, தீயணைக்கும் வாளி, வாட்ச்மேனின் டார்ச் லைட், என் மேசை மேல் இருந்த கால்குலேட்டர், எல்லாவற்றுக்கும் பொட்டு. ஒரு வருடம் என் நெற்றியைப் பார்த்து, “சார், எம்மெஸ்சி மூளைக்கும் ஒண்ணு வெச்சுடவா? அதுவும் ஓடினு இருக்கிற மிசினு தானே” என்றார். வைத்தும் விட்டார். வருடத்தில் அந்த ஒரு நாள் முதலாளி முதற்கொண்டு எல்லாரும் அவர் பின்னால் கைகட்டி நடப்போம்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன்.

அந்த வகை சவ்வு ஒரு முறை நனைந்துவிட்டால் பிறகு காயக் கூடாது. காய்ந்தால் துளைகள் சுருங்கி மூடிக்கொள்ளும். மறுபடி எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் திறக்காது. அதனால் விடுமுறை விட்டால் நன்றாகக் கழுவி, கெடாமல் இருக்க ஒரு மருந்து கலந்த தண்ணீரை நிரப்பி, வால்வுகளை மூடிவிட்டுப் போக வேண்டும். இது அங்கே முதலில் தெரிந்தது எனக்குத்தான். மற்றவர்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

மெம்பரேன் வந்த முதல் ஆயுத பூஜை. அந்த மருந்துத் தண்ணீருக்குத் தீக்குச்சி உரசினாற் போல ஒரு நெடி. ஒரு இணைப்பில் லேசாகச் சொட்டிக்கொண்டும் இருந்தது. சரியாகக் கோலத்தின் மேல் சொட்டு விழுந்தது. முதலாளியின் அம்மா பூஜைக்கு வந்திருந்தார். மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு, “என்னப்பா இது, சாமிக்கு முன்னாடி பட்டாசு வாசனை?” என்றார். எனக்கு அவமானமாகிவிட்டது. யாரையும் கூப்பிடாமல் நானே போய் அடியில் இருந்த வால்வைத் திறந்து எல்லாவற்றையும் வடித்துவிட்டேன். பூஜை முடிந்ததும் திரும்ப நிரப்பிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

பூஜை முடிந்தது. பூசணிக்காய் உடைத்தார்கள். பொரி, கடலை, சுண்டல், ஸ்வீட் பாக்ஸ், எனக்கு இரண்டு பாக்ஸ். வெளியே கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. இரண்டு கையிலும் பொட்டலங்களோடு ஓடிப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மெம்பரேன் என்ற ஒரு பொருள் உலகத்தில் இருப்பதே எனக்கு ஞாபகம் இல்லை. அடுத்த நாள் விஜயதசமி, அதை ஒட்டி ஞாயிறு. தகரக் கூரைக்குக் கீழே பூட்டிய அறையில் அது நிதானமாகக் காய்ந்தது.

விடுமுறை முடிந்து போனவுடன் மோட்டாரைப் போட்டார்கள். அழுத்தம் ஏறியது, பாகு வரவில்லை. நெற்றியில் வியர்ப்பது போல ஒரு சொட்டு, அப்புறம் ஒரு சொட்டு. பிறகு அதுவும் இல்லை. நான் குனிந்து பார்த்தேன். நான் திறந்த வால்வு அப்படியே கிடந்ததைப் பார்த்து, மோட்டார் போடும் முன் ஏதோ சரிபார்ப்பது போல நானே மூடியிருந்தேன். அதை யாரும் கவனிக்கவில்லை என்று அப்போது தெரிந்துகொண்டேன். அந்த நிமிடத்தில் வாயைத் திறந்திருந்தால் திட்டு வாங்கியிருப்பேன், அவ்வளவுதான். வேலை போயிருக்காது. அது எனக்கு அப்போதே தெரியும்.

முதலாளி வந்து நின்றார். “என்ன சார் ஆச்சு? புது மெஷின்.”

வெள்ளைக் குழாயின் மூடி மேல் பாய்லர்காரர் வைத்த பெரிய பொட்டு. புது இயந்திரம், அதுவும் தனக்கு வரப்போகும் இயந்திரம் என்று தாராளமாக வைத்திருந்தார். அது ஈரத்தில் கரைந்து மூடியின் இடுக்கு வரை சிவப்பாக வழிந்திருந்தது. நான் அதைப் பார்த்தேன். முதலாளியும் என் கண் போன இடத்தைப் பார்த்தார்.

“குங்குமம் உள்ளே போயிருக்கலாம் சார்” என்றேன்.

போகாது. மூடிக்குள் ரப்பர் வளையம் இருக்கிறது. வெளியே வைத்த பொட்டு உள்ளே போக வழியே இல்லை. ஆனால் எம்மெஸ்சி படித்தவன் சொன்னால் யார் மறுத்துப் பேசப் போகிறார்கள்?

முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. “இனிமே உள்ளே பூஜை வேண்டாம். கேட்டுக்கிட்ட ஒரு படத்தை வச்சு கும்பிட்டா போதும்” என்றார். வேறு சவ்வு வாங்கி மாட்டினார்கள், அதை ஓட்ட வெளியிலிருந்து வேறு ஆள் வந்தார். பாய்லர்காரர் பாய்லரிலேயே இருந்தார். என்னிடம் மட்டும் ஒரு தடவை வந்து, “சார், நான் கொஞ்சமா தான் வெச்சேன். பெர்சா வெச்சிட்டனா?” என்று கேட்டார். நான், “விடுங்கப்பா, நடந்தது நடந்துபோச்சு” என்றேன். அவரை மன்னித்தது போலப் பேசினேன். இத்தனை வருடத்தில் என்னை அதிகமாக உறுத்தியது அந்தப் பதில்தான்.

பிறகு அவருக்கு நான் ரொம்ப நல்லவனாகிவிட்டேன். விடுமுறை கேட்டால் உடனே கொடுத்தேன். தீபாவளிக்கு என் ஸ்வீட் பாக்ஸையும் அவருக்கே கொடுத்தேன். “சார் மாரி ஒரு மன்சன் கெடையாது” என்று அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு டாய்லெட் பக்கம் ஏதாவது வேலை வந்துவிடும்.

அவர் முதலில் ஓய்வு பெற்றார், அடுத்து நான். முதலாளியும் பொறுப்பை மகனிடம் கொடுத்துவிட்டார். அப்புறம் கொஞ்ச காலம் அவரைப் பார்க்கவில்லை.

ஒரு ஆயுத பூஜைக்கு மறுநாள் பூந்தமல்லியில் ஒரு உறவினர் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, குமணன்சாவடியில் வெயில் தாங்காமல் ஒரு கடையில் நன்னாரி சர்பத் கேட்டேன். ரோட்டில் எல்லா வண்டியும் வாழைக்கன்று கட்டிக்கொண்டு மாப்பிள்ளை போலப் போய்க்கொண்டிருந்தது. கடைக்காரர் எடுத்த பாட்டிலில் பஞ்சு மிதந்தது. பழைய விரோதியைப் பார்த்தது போல இருந்தது. “இது யார் போடறாங்க?” என்று கேட்டேன். “குத்தம்பாக்கத்துல ஒரு பெர்சு சார், ஊட்லயே காச்சறாரு. தோ, காலி பாட்டில் எடுக்க வந்து கீறாரு பாரு” என்று கையைக் காட்டினார்.

மூன்று சக்கர சைக்கிளில் பாட்டில் பெட்டிகளோடு பாய்லர்காரர்.

“சார்! இன்னா சார் எளச்சிட்ட? அம்மா சோறு போடறதில்லியா?” என்று ரோட்டிலேயே கட்டிக்கொண்டார். அவர் மேல் பழைய தொழிற்சாலையின் அதே மணம் அடித்தது. மனைவியும் அவரும் சேர்ந்து நன்னாரி சர்பத் காய்ச்சிக் கடைகளுக்குப் போடுகிறார்களாம். பக்கத்தில் புதுப் பேருந்து நிலையம் வருவதால் வியாபாரம் பெருகும் என்று நம்பிக்கை. “ஆனா இந்தப் பஞ்சு தான் சார் பேஜாரு. பாதி பாட்டிலு ரிட்டன் வந்துருது” என்றார்.

பேசிக்கொண்டே அவர் வண்டியைப் பார்த்தேன். ஊரே பொட்டும் பூவுமாக இருந்த அன்று அந்த சைக்கிளில் ஒரு பொட்டு இல்லை. ஒரு பூ இல்லை.

“வண்டிக்குப் பூஜை போடலையா?”

“அதெல்லாம் வுட்டுட்டேன் சார். உனக்குத் தெரியாதா? என் கை அப்டி. பட்டா மிசினு பூடும்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அதுவரை அவளுக்கும் சொன்னதில்லை. அவள் வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. “போய்ச் சொல்லிட்டு வாங்க” என்றாள்.

நான் போனேன், ஆனால் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, தெரிந்த ஒருவரிடம் சொல்லி, கைத்தடி நீளத்தில் ஒரு சின்ன மெம்பரேனும் ஒரு குட்டி பம்ப்பும் வாங்கிக்கொண்டு போனேன். பஞ்சு பிரச்சினை தீரும், என் மனசு உறுத்தலும் தீரும் என்று கணக்குப் போட்டேன். அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் அடுப்பும் அண்டாக்களும். நன்னாரி சேர்ப்பதற்கு முன் வெறும் பாகை நீர்க்க வைத்து, துணியில் ஒரு தடவை வடித்து, பிறகு மெம்பரேனில் விட்டோம். கொஞ்ச நேரத்தில் கண்ணாடி டம்ளரில் தெளிவாக இறங்கியது. டம்ளருக்குப் பின்னால் பிடித்த அவர் விரல் ரேகைகூடத் தெரிந்தது.

அவர் மனைவி கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். “அய்ய, தண்ணி கணக்கா கீதே! இத்த போயி இம்மா நாளா துணியில கட்டி அடிச்சினு இருந்தோமே.”

“இப்படித்தான், இந்த வால்வைத் திறங்க” என்று அவரைக் கூப்பிட்டேன். அவர் பின்னால் நகர்ந்தார். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“வாணாம் சார். நீ வாங்கினு வந்த பொருளு. என் கை வாணாம். அவ ஓட்டுவா.”

“அட, சும்மா தொடுய்யா. கடிக்கவா போவுது?” என்றார் மனைவி.

“நீ சும்மாரு. உனக்கு இன்னா தெரியும்? சாருக்குத் தெரியும்.”

சாருக்குத் தெரியும்தான். நான் கொண்டுபோன பரிசு அந்த மனிதரைத் தன் வீட்டுக் கொட்டகையிலேயே ஒதுங்கி நிற்க வைத்துவிட்டது. இனி சொல்லாமல் எழுந்திருக்க முடியாது என்று புரிந்தது.

அவர் ஒரு மூலையில் உட்கார்ந்து புனல் வைத்து பாட்டிலில் சர்பத் ஊற்ற ஆரம்பித்தார். என்னைப் பார்த்துவிட்டு, “இன்னா சார், மூஞ்சி ஒரு மாரி கீது? சுகரா?” என்றார்.

“சுகர் இல்ல. அன்னிக்கு மெம்பரேன் கெட்டது உங்க குங்குமத்தால இல்ல. கோலத்து மேல சொட்டுதுன்னு நான்தான் வால்வைத் திறந்து தண்ணிய வடிச்சேன். திரும்ப நிரப்ப மறந்துட்டேன். அது காஞ்சு போச்சு. முதலாளி கேட்டப்போ பயந்துகிட்டு உங்க மேல போட்டுட்டேன்.”

பாட்டில் நிரம்பி வழிந்தது. அவர் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

“யோவ், வழியிது பாரு!” என்று மனைவி கத்தினார். பிறகுதான் நான் சொன்னது அந்த அம்மாளுக்கு உறைத்தது. என் பக்கம் திரும்பினார்.

“உள்ள கொஞ்சங்கூடப் போவலையா சார்?” என்று பாய்லர்காரர் கேட்டார்.

“போக வழியே இல்ல.”

“நான் பெர்சா வெச்சேன் சார். எனக்கு நல்லா ஞாபகம் கீது.”

“எவ்வளவு பெரிசா வச்சாலும் போகாது. உங்க கையில ஒரு தப்பும் இல்ல.”

அவர் புனலை எடுத்துக் கீழே வைத்தார். “என் பொண்ணு கல்யாணம் முட்ச்சி மாப்ள புது வண்டி எட்த்தாந்தான் சார். எல்லாரும் மாமா பொட்டு வெக்கட்டும், மாமா பொட்டு வெக்கட்டும்னானுங்கோ. நான் கொல்லப் பக்கம் போயி நின்னுக்கினேன்.”

“வவுறு சரியில்லன்னியே அன்னிக்கு!” என்றார் மனைவி.

“வவுறு நல்லா தான் இருந்திச்சி.”

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். “நான் கசாயம் வெச்சிக் குட்த்தேன் சார் இந்தாளுக்கு. பெரிய டம்ளர்ல. நல்லாருக்கிற மன்சன் அத்த வாய தொறக்காம குட்ச்சாரு. எல்லாம் உன்னால.”

இந்தக் குற்றச்சாட்டு நான் எதிர்பார்க்காதது. பாய்லர்காரர் என்னைப் பார்க்காமல், “நீ கெளம்பு சார்” என்றார். கிளம்பினேன். பஸ் ஏறும்வரை வந்து வழியனுப்புகிறவர் அன்று கொட்டகையை விட்டு வரவில்லை.

அதற்குப் பிறகு நான் போன் செய்தால் எடுக்கவில்லை. கோபம் என்று நினைத்தேன். கோபப்பட அவருக்கு உரிமை உண்டு. ஆனால் பாதி சொன்னது போதாது என்று பட்டது. அவரிடம் மட்டும் சொல்லி என்ன? பழி போட்டது முதலாளிக்கு முன்னால். அண்ணா நகரில் இருந்த பழைய முதலாளியைத் தேடிப் போய் அவரிடமும் சொன்னேன். அவர் காதில் மெஷின் மாட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“அட, அது எப்பவோ போன கதை சார். அந்த மெம்பரேனே நான் மறந்துட்டேன்.”

“அவர் மறக்கல சார். நீங்க ஒரு போன் பண்ணி, அவர் மேல தப்பு இல்லன்னு சொல்லணும்.”

“நானா?”

“நீங்கதானே பூஜையை நிறுத்தினீங்க.”

சிரிப்பு நின்றது. அங்கேயே, என் எதிரிலேயே நம்பரைப் போட்டார். முதலாளி கூப்பிட்டதும் பாய்லர்காரர் உடனே எடுத்தார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. “அன்னிக்கு நான் விசாரிக்காம முடிவு பண்ணிட்டேன்ப்பா. தப்பு என்னுது” என்று சொன்னபோது முதலாளி எழுந்து நின்றுகொண்டிருந்தார். தன் வீட்டு ஹாலிலேயே அவர் ஏன் எழுந்து நின்றார் என்று எனக்குத் தெரியவில்லை.

அப்புறமும் எனக்குப் போன் வரவில்லை. அடுத்த ஆயுத பூஜைக்கு முந்தின நாள் காலையில்தான் வந்தது.

“சார், நாளைக்கு ஊட்டாண்ட வா. அம்மாவையும் இட்டுனு வா. ஸ்கூட்டர்லயே வா.”

“இவ்வளவு நாளா ஏன் எடுக்கல?”

“நீ கப்சா உட்றன்னு நெனச்சேன் சார். நான் வண்டிக்குப் பொட்டு வெக்கலன்னு பாவப்பட்டு, உன் மேலயே போட்டுக்கினு சொல்றியோன்னு. நீ எனக்கு ஸ்வீட் பாக்ஸெல்லாம் குட்த்த ஆளாச்சே. மொதலாளி போன் பண்ண அப்பால தான் நம்பனேன். நம்பன அப்பறம் தான் சார் கோவமே வந்திச்சி. அது ஆற இம்மா நாளு ஆச்சி.”

நான் உண்மையைச் சொன்னபோதுகூட, முன்பு செய்த போலி நல்லதனம் குறுக்கே நின்றிருக்கிறது.

மறுநாள் என் மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு குத்தம்பாக்கம் போனேன். கொட்டகை வாசலில் மாவிலைத் தோரணம். பழைய தொழிற்சாலை ஆட்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். துணி வடிகட்டியில் கறுத்தவர்கள், இப்போது தலை வெளுத்து உட்கார்ந்திருந்தார்கள். தெருவில் ஆட்டோ, பைக், ஒரு மினி லாரி என்று வண்டிகள் வரிசையாக நின்றன. நான் ஸ்கூட்டரையும் வரிசையில் விட்டேன். பாய்லர்காரர் வெள்ளை வேட்டியில் வந்து, “சார், நம்ப ஆளுங்கோ எல்லாம் கீறானுங்கோ. என்னாண்ட சொன்னத இவங்களாண்டயும் சொல்டு” என்றார்.

சொன்னேன். ஒருவர், “அடப்பாவி சார், நாங்க அவன ‘குங்குமம்’னு தானே கூப்ட்டுனு இருந்தோம்!” என்றார். இன்னொருவர், “இனிமே சார தான் வால்வுன்னு கூப்டணும்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அதில் என் மனைவியின் சிரிப்பு தனியாகக் கேட்டது. அந்தப் பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டிலும்.

பிறகு அவர் இரண்டு கிண்ணங்களையும் எடுத்தார். முதலில் சின்ன மெம்பரேன் முன்னால் போய் நின்றார். விரலில் குங்குமத்தைத் தொட்டார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அடுத்து மனைவியைப் பார்த்தார்.

“வெய்யிய்யா. போனா போவுது, சார் வேற வாங்கினு வருவாரு” என்றார் அந்த அம்மாள்.

வைத்தார். ஒரு ரூபாய் நாணயத்தை விடப் பெரிய பொட்டு. மோட்டாரைப் போடச் சொன்னார். பூஜை நாளில் ஓட்டக் கூடாது என்று ஒருவர் தடுத்தார். “கொஞ்ச நேரம் தான், நான் பாக்கணும்” என்றார். டம்ளரில் தெளிவாக இறங்கியது. அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுபடி மோட்டாரை நிறுத்தி, கழுவி, மருந்துத் தண்ணீர் நிரப்பி வால்வை மூடினேன். அவர் குனிந்து அதைத் தானும் ஒரு தடவை திருகிப் பார்த்தார். மூடித்தான் இருந்தது.

இது நடந்து சில வருடம் ஆகிறது. பஞ்சு வருவதில்லை, புதுப் பேருந்து நிலையம் பக்கம் அவர் சர்பத் நன்றாகப் போகிறது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அந்தத் தெருவில் வண்டி வரிசை நீண்டுகொண்டே போகிறது. அவர் கையால் பொட்டு வைத்தால்தான் ஆச்சு என்று ஆட்டோக்காரர்கள் அடித்துக்கொள்கிறார்கள். மன்னித்தேன் என்று அவர் சொன்னதில்லை, நான் கேட்டதுமில்லை. வருடா வருடம் வால்வை நான் மூடிய பிறகு அவர் ஒரு தடவை திருகிப் பார்ப்பதும் நிற்கவில்லை.

என் ஸ்கூட்டர் எவ்வளவு முன்னால் போய் நின்றாலும் கடைசியாகத்தான் வருவார். எல்லாரும் கிளம்பிப் போன பிறகு, வெயிலில் நான் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது, மெதுவாகக் கிண்ணத்தோடு வருவார். ஹேண்டில்பாரில் இடம் இருக்கும், முன் மட்கார்டில் இடம் இருக்கும். அங்கெல்லாம் வைக்கமாட்டார். ஸ்பீடோமீட்டர் கண்ணாடி மேல், முள் தெரியாதபடி அப்பிவிடுவார்.

“எப்டி சார், ஸ்பீடு பாக்கறது?” என்று என் மனைவியைப் பார்த்துச் சிரிப்பார்.

“மெதுவாவே போவட்டும்ப்பா” என்பாள் அவள்.

நான் அதைத் துடைப்பதில்லை. அம்பத்தூர் வரை எவ்வளவு வேகத்தில் போகிறேன் என்று தெரியாமலேயே ஓட்டிக்கொண்டு வருவேன்.